முதலில் ஆள், பிறகு பிறப்பு
வாசகர் கேள்வி – பதில்

தோற்றக் கதை (ஒரு நாயகன் எப்படி உருவானான் என்று சொல்லும் ‘ஒரிஜின் ஸ்டோரி’), தொன்மம் (புராணக் கதை) இவை பற்றி வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: சூப்பர் ஹீரோக்களுக்கு ‘ஒரிஜின் ஸ்டோரி’ என்கிறார்கள். புராணங்களில் வரும் பிறப்புக் கதையும் அதுவும் ஒன்றுதானே? புதுப்பெயர் எதற்கு?

பதில்: பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். செய்கிற வேலை வேறு. தோற்றக் கதைக்கு ஓர் ஆளை விளக்கினால் போதும்: இவன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான்? தொன்மம் அதோடு நிற்காது. அந்த ஆளை வைத்து ஓர் இடத்தையோ, ஒரு சடங்கையோ, ஒரு குலத்தின் உரிமையையோ, மனிதனுக்குச் சாவு வந்த காரணத்தையோ அது சொல்லியாக வேண்டும்.

பண்டைய மெசப்பொத்தேமியாவின் அக்காட் பேரரசன் சர்கோனின் பிறப்புக் கதையைப் பாருங்கள். தலைமைப் பூசாரிணி ஒருத்தி அவனை ரகசியமாகப் பெறுகிறாள். நாணல் கூடையில் கிடத்தி, கீல் பூசி அடைத்து ஆற்றில் விடுகிறாள். தண்ணீர் இறைக்கும் அக்கி என்பவன் எடுத்து வளர்க்கிறான். இஷ்தார் தேவியின் அன்பு கிடைக்கிறது, அரசனாகிறான். பெற்றவள் கைவிட்டதை நினைத்து அவன் ஒரு நாளாவது வருந்தினானா? கதைக்கு அதில் அக்கறையே இல்லை. அரச குலத்தில் வளராத ஒருவன் அரியணையில் உட்கார என்ன தகுதி என்று யாராவது கேட்டால், அதற்கான விடை அது.

பேட்மேன் கதை நேர்மாறு. 1939 மே மாத ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-ஆம் இதழில் அவன் அறிமுகமானான். கண்ணெதிரே பெற்றோர் சுட்டுக் கொல்லப்பட்ட கதை நவம்பரில், 33-ஆம் இதழில்தான் வந்தது. அதுவும் இரண்டே பக்கம். நடுவில் இருந்த அத்தனை மாதமும் வாசகர்கள் காரணம் தெரியாமலே அவனைப் படித்தார்கள். ஆள் பிடித்துப்போன பிறகே ‘இவன் ஏன் இப்படி?’ என்ற கேள்வி வருகிறது. தொன்மத்தில் குழந்தை பிறக்குமுன்பே அசரீரி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கம்சனுக்குத் தன் சாவு யார் கையில் என்பது தேவகியின் திருமண நாளிலேயே தெரியும். தொன்ம நாயகன் எதற்காகப் பிறந்தானோ அதைச் செய்து முடிக்கிறான். கதை நாயகன் தனக்கு நேர்ந்துவிட்ட ஒன்றுக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கேள்வி: பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட கர்ணன், கூடையில் வந்த மோசே, விண்கலத்தில் வந்த சூப்பர்மேன். மூன்றும் ஒரே கதையின் காப்பிதானே?

பதில்: படிமம் ஒன்று, மறுப்பதற்கில்லை. இந்த ஒற்றுமைகளைப் பட்டியல் போட்டவர்களும் உண்டு. உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ ராங்க் 1909-இல் நாயகர்களின் பிறப்புக் கதைகளை ஒப்பிட்டார்; ராக்லன் பிரபு 1936-இல் 22 அம்சங்கள் கொண்ட அளவுகோலே வகுத்தார். ஆனால் அந்தப் பட்டியலில் நிறைய மதிப்பெண் வாங்குவதால் மட்டும் ஒரு கதை தொன்மம் ஆகிவிடாது.

கர்ணன் ஆற்றில் வந்தது பாரதத்தின் நடு நரம்பு. கேட்பவர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. போருக்கு முன் கண்ணனும் பிறகு குந்தியும் வந்து சொல்லும்போது அவன் எடுக்கும் முடிவுக்காகவே அந்த ரகசியம் அவ்வளவு காலம் காக்கப்படுகிறது. 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேனின் பிறப்புக்குக் கிடைத்தது ஒரு பக்கம். பெயரில்லாத ஒரு கிரகம் முதுமையால் அழிகிறது; விஞ்ஞானி ஒருவர் குழந்தையை அனுப்புகிறார்; வழியில் போன வண்டிக்காரர் எடுத்து அனாதை இல்லத்தில் விடுகிறார். அடுத்த பக்கம் புரட்டினால் நேராகச் சாகசம். கிரிப்டன் என்ற பெயரும் பெற்றோரின் பெயர்களும் 1939 ஜனவரியில் செய்தித்தாள் தொடரில் சேர்ந்தன. அவனை வீழ்த்தும் கிரிப்டோனைட் 1943-இல் வானொலித் தொடரில் வந்தது. ‘இவன் எப்படிப் பேருந்தைத் தூக்குகிறான்?’ என்று கேட்கும் சிறுவனுக்காகப் போடப்பட்ட ஒரு பக்கம், நாயகன் நிலைத்துவிட்டதால் பத்தாண்டு, இருபதாண்டு என்று வளர்ந்துகொண்டே போயிற்று.

கேள்வி: புராணங்களில் ஒரே கடவுளுக்கு நாலு பிறப்புக் கதை இருக்கிறது, யாரும் சண்டை போடுவதில்லை. காமிக்ஸில் ஒரு கதையை மாற்றினால் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். ஏன்?

பதில்: முன்னதற்கு உரிமையாளர் இல்லை. பின்னதற்கு இருக்கிறார்.

கந்தபுராணத்தில் முருகன் சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து வந்த ஆறு பொறி. அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய பரிபாடலின் ஐந்தாம் பாட்டு வேறொன்று சொல்கிறது: இந்திரன் கேட்ட வரத்துக்காகச் சிவன் கருவைச் சிதைக்க, அதை எழுமுனிவர் வேள்வித் தீயில் இட்டு, அவர்கள் மனைவியரில் அருந்ததி நீங்கலான அறுவர் உண்டு, சரவணப் பொய்கையில் ஈன்றார்கள். உமையும் சிவனும் பிடியும் களிறுமாக வடிவெடுத்ததில் கணபதி வந்ததாகச் சம்பந்தர் ‘பிடியதன் உருவுமை’ என்று பாடினார். அம்மை தன் மேனி அழுக்கைத் திரட்டிச் செய்த பிள்ளையும் அதே கணபதிதான். ஒன்றை ஏற்க இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை, எது ‘அதிகாரபூர்வம்’ என்று அறிவிக்க அலுவலகமும் இல்லை.

1941-இல் அறிமுகமான வொண்டர் வுமன் பழைய கதைப்படி களிமண்ணால் செய்து உயிர் கொடுக்கப்பட்டவள். 2011-இல் காமிக்ஸை வெளியிடும் நிறுவனம் அவளை ஜீயஸின் மகள் ஆக்கியது. அந்த நாளிலிருந்து களிமண் ‘பொய்’ ஆகிறது. ‘ரெட்கான்’ என்று ரசிகர்கள் திட்டுவது இதைத்தான்: முன்பு படித்ததைப் பின்னாலிருந்து திருத்துவது. இத்தனைக்கும் களிமண் கதையில்தான் தொன்ம வாசனை அதிகம். சூப்பர்மேனைப் படைத்த சீகலும் ஷஸ்டரும் அவனுடைய உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டு முடிந்து, 2034 தொடக்கத்தில் அந்த முதல் இதழ் பொதுவுடைமைக்கு வரும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அவனுக்கு ஐந்தாவது பிறப்புக் கதை எழுதலாம், முதல் இதழில் உள்ளதை மட்டும் அடிப்படையாக வைத்துக்கொண்டால்.

கேள்வி: தொடர்கதை எழுதுகிறேன். நாயகியின் பிறப்பு, இளமை, அவளுக்கு நேர்ந்த கொடுமை என்று முதல் மூன்று அத்தியாயம் போட்டேன். படித்தவர்கள் ‘கதை எப்போது தொடங்கும்?’ என்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: கேள்வி எழும் முன்பே பதில் சொல்லிவிட்டீர்கள். மூன்று அத்தியாயத்தையும் தனிக் கோப்பில் எடுத்து வையுங்கள், அழிக்க வேண்டாம். பிறகு இப்படிச் செய்யுங்கள்.

ஒரு தாளில் மூன்றே வரி எழுதுங்கள்: மற்றவர் செய்யாத எதை இவள் செய்கிறாள், எதைச் செத்தாலும் செய்யமாட்டாள், எதற்கு அஞ்சுகிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணச் சம்பவம் உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு வேண்டியிருக்காது. சிலர் இயல்பிலேயே பிடிவாதக்காரர்கள், அதற்குத் தீ விபத்து எதற்கு? மீதி இரண்டையும் ஒரே சம்பவம் தாங்க வேண்டும். குணத்துக்கு ஒரு விபத்து என்று அடுக்கினால் நாயகி மருத்துவக் கோப்பு ஆகிவிடுவாள்.

அடுத்தது முக்கியம். அந்தச் சம்பவத்தில் அவளுடைய கை இருக்க வேண்டும். ஸ்பைடர்மேனின் முதல் கதை (1962 ஆகஸ்ட், ‘அமேசிங் ஃபேன்டஸி’ 15) மொத்தம் 11 பக்கம். சிலந்தி கடிப்பது வெறும் தொடக்கம். கிடைத்த சக்தியை வைத்துப் பையன் முதலில் காசு பார்க்கிறான். ஓடிவரும் திருடனைத் தனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் அவனை வளர்த்த பெரியப்பாவைக் கொல்கிறான். அவன் நாயகனானது கடி வாங்கியபோது அல்ல, திருடனுக்கு வழிவிட்டதன் விலையைக் கொடுத்தபோது. பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வரும் என்ற புகழ்பெற்ற வரியைப் பெரியப்பா சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். முதல் கதையில் அது கடைசிக் கட்டத்தில் வரும் விவரணைதான். உபதேசம் முன்னால் வந்திருந்தால் கதையே இல்லை.

இரண்டு சோதனை உண்டு. அந்தச் சம்பவத்தை முழுதாக எடுத்துவிட்டு மையக் கதையைப் படியுங்கள். எதுவும் குலையவில்லை என்றால் அது வேண்டாத சுமை. பிறகு அதே சம்பவத்தை அவளுடைய தங்கைக்கு நடந்ததாக வையுங்கள்; தங்கையும் இவளைப் போலவே ஆகிவிடுவாள் என்றால், நீங்கள் எழுதியிருப்பது சம்பவத்தை, ஆளை அல்ல.

அளவு? 60,000 சொல் நாவலில் தோற்றக் கதைக்கு எல்லாம் சேர்த்து 2,000 சொல் தாராளம். அதையும் மூன்றாக உடையுங்கள். முதல் கால்பகுதியில் ஒரே வாக்கியம் (கதவைத் தாழிட்டதா என்று மூன்று முறை பார்க்கிறாள், காரணம் கிடையாது). பாதியில் வேறொருவர் வாயால் அரைகுறையாக, முடிந்தால் தவறாக. முழுக் காட்சி, அவள் அதே மாதிரியான முடிவை மறுபடி எடுக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால். இரண்டாயிரம் சொல் சிறுகதை என்றால் 150 சொல்லுக்கு மேல் போகாதீர்கள்.

தொடர்கதைக்காரர்கள் மறப்பது ஒன்று: கணக்கு. ஆண்டு, வயது, நடந்தது, யாருக்குத் தெரியும் என்று நான்கு பத்தி அட்டவணை போடுங்கள். நான்காவது பத்தியில்தான் பிழை அதிகம் வரும். எட்டாம் அத்தியாயத்தில் ரகசியமாக இருந்ததைப் பன்னிரண்டில் பக்கத்து வீட்டுக்காரர் சாதாரணமாகப் பேசுவார். நாயகியை ஒரு போரோடு முடிச்சுப் போடுவதையும் தவிருங்கள். அயர்ன் மேன் 1963-இல் வியட்நாமில் சிறைப்பட்டான். அவனுக்கு வயது ஏறக்கூடாது என்பதால் 2008 திரைப்படத்தில் அந்தச் சிறை ஆப்கானிஸ்தானுக்குப் போயிற்று. ‘முன்னொரு யுகத்தில்’ என்று தொடங்குகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

தற்செயலுக்கும் ஒரு வரம்பு உண்டு. தொடக்கத்தில் ஒன்றை வாசகர் பொறுத்துக்கொள்வார், இரண்டாவதைப் பொறுக்கமாட்டார். பேட்மேனின் பெற்றோரைக் கொன்றவன் 1939-இல் பெயரில்லாத வழிப்பறிக்காரன். 1989 திரைப்படம் அவனைப் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கராகவே ஆக்கியது. பழிவாங்கலுக்கு வசதி, ஆனால் ஒரு மாநகரமே இரண்டு பேரின் சொந்தத் தகராறாகச் சுருங்கிப்போனது.

கேள்வி: வில்லனுக்குச் சோகமான சிறுவயது கொடுத்தால் வாசகர்கள் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். கொடுக்காவிட்டால் ‘ஆழமில்லை’ என்கிறார்கள்.

பதில்: காரணம் சொல்வது வேறு, விடுதலை செய்வது வேறு. இரண்டும் கலப்பது பெரும்பாலும் வரிசைப் பிழையால். அவன் செய்த மிகக் கொடிய செயலை முதலில் முழுதாகக் காட்டுங்கள், பிறகு சிறுவயதுக்குப் போங்கள். அதே அடி வாங்கி அந்த வழியில் போகாத இன்னொருவரைக் கதையில் வையுங்கள். ஒரு அண்ணன் போதும். இன்னொரு வழி, சிறுவயதுக் கதையை அவனே, தனக்கு ஆதாயம் கிடைக்கும் நேரம் பார்த்துச் சொல்லட்டும்.

ஜோக்கர் இந்தக் கடைசி வழியில் தேறியவன். 1940-இல் வந்தபோது அவனுக்கு முன்கதையே இல்லை. 1951-இல் ஒன்று கிடைத்தது. 1988-இல், தனக்கு இறந்தகாலம் என்று ஒன்று வேண்டுமானால் பல விடைகளில் எதையும் தேர்ந்துகொள்ளலாம் என்ற பொருளில் அவனே பேசினான். 2008 திரைப்படத்தில் வாய்த் தழும்புக்கு ஆளுக்கொரு கதை சொல்வான். எதையும் நம்ப முடியாது என்பதே அவனைப் பற்றி நமக்குத் தெரியும் ஒரே உண்மை.

தொன்மம் இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை. வைகுண்டத்தின் வாயிற்காவலர் ஜயனும் விஜயனும் சாபம் பெற்று இரணியாட்சன்–இரணியகசிபு, இராவணன்–கும்பகர்ணன், சிசுபாலன்–தந்தவக்கிரன் என்று மூன்று முறை பகைவர்களாகப் பிறக்கிறார்கள். இராவணனின் குற்றம் இதனால் குறையவும் இல்லை, அவன் மனம் விளங்கவும் இல்லை. பகை என்பதே மூல இடத்துக்குத் திரும்பும் வழி என்ற ஒழுங்கு மட்டும் விளங்குகிறது. இந்தக் கதையை அப்படியே நவீன வில்லனுக்கு மாட்டினால் ‘விதி’ என்ற சப்பைக்கட்டாகிவிடும்.

கேள்வி: முன்கதையே கொடுக்காமல் விட்டால்?

பதில்: தாராளமாக. ஷெர்லக் ஹோம்ஸ் நான்கு நாவல், 56 சிறுகதை நிலைத்து நின்றார். அவருடைய பெற்றோர் பெயர் எங்கும் இல்லை. முன்னோர் கிராமத்து நிலக்கிழார்கள், பாட்டி ஒரு பிரெஞ்சு ஓவியரின் சகோதரி, இதைத் தொழிலாகச் செய் என்று நண்பரின் தந்தை தூண்டினார். போகிற போக்கில் சொன்ன இவ்வளவே போதுமானதாக இருந்தது. வேலை செய்யும் விதமே சுவையாக இருந்தால் காயத்தைத் தேட வேண்டாம்.

கேள்வி: கற்பனை நாடு ஒன்றை வைத்து நாவல் எழுதுகிறேன். அந்த நாட்டுக்கென்று ஒரு தொன்மம் வேண்டும். நாயகனின் மூதாதை கதையாக எழுதினால் வரலாற்றுப் பாடம் மாதிரி இருக்கிறது.

பதில்: மூதாதையிடம் தொடங்கியதுதான் கோளாறு. உங்கள் நாட்டில் இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: பிளந்து நிற்கும் பாறை, யாரும் குளிக்காத துறை, ஒரு குலத்தார் மட்டும் ஏறும் படி. ‘அது ஏன் அப்படி?’ என்பதற்கு 200, 300 சொல்லில் பதில் எழுதுங்கள். யார் மனத்துக்குள்ளும் போகாதீர்கள். ‘அவள் தயங்கினாள்’ என்று எழுதிய கணமே அது சிறுகதையாகிவிடும். அவள் செய்தாள், சொன்னாள், சபித்தாள், கல்லானாள். அவ்வளவே.

அதே நிகழ்ச்சிக்கு இரண்டாவது வடிவம் ஒன்று எழுதுங்கள். முதல் வடிவத்தால் படியேறும் குலத்துக்கு லாபம் என்றால், இரண்டாவதால் ஏறமுடியாதவர்களுக்கு லாபம் இருக்க வேண்டும். நாவலில் இரண்டையும் சண்டையிட விடுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். யார், எப்போது, யாருக்குச் சொல்கிறார் என்பதை முடிவு செய்த பிறகே நாவலில் சேருங்கள். சொல்பவர் இல்லாத தொன்மம்தான் பாடப்புத்தகமாகத் தெரிகிறது. விளக்கமில்லாத ஒரு விவரத்தை அப்படியே விட்டுவையுங்கள். எல்லாம் பொருந்தினால் நேற்று எழுதியது என்று தெரிந்துவிடும். கடைசி அத்தியாயத்தில் தொன்மம் எழுத்துக்கு எழுத்து உண்மை என்று நிரூபணமாவது பழைய தவறு. அதன்பின் அது தொன்மமாக இராது, வெறும் முன்னறிவிப்பாகிவிடும்.

இரண்டையும் ஒரே ஆளில் பார்க்க விரும்பினால் 1936-இல் லீ ஃபாக் தொடங்கிய ஃபேண்டம் இருக்கிறார்; முகமூடி வேதாளன் என்று பலருக்குப் பழக்கம். காட்டு மக்களுக்கு அவர் நூற்றாண்டுகளாகச் சாகாத ஒரே மனிதர். வாசகருக்கோ, தந்தைக்குப் பின் மகன் என்று முகமூடி மாறி இப்போது இருப்பவர் 21-ஆமவர் என்பது தெரியும். வெளியே தொன்மம், உள்ளே தோற்றக் கதை. அவருடைய பாதுகாப்பே இந்த இடைவெளிதான்.

கேள்வி: கர்ணனை நாயகனாக வைத்து நாவல் எழுதலாமா? எல்லாருக்கும் முடிவு தெரிந்த கதையில் என்ன மிச்சம்?

பதில்: ‘அடுத்து என்ன’ என்ற ஆவல் மிச்சமில்லை. ‘எப்படி’ மிச்சமிருக்கிறது. அத்யாத்ம ராமாயணத்தில், காட்டுக்கு வராதே என்று இராமன் தடுக்கும்போது சீதை கேட்கிறாள்: எத்தனையோ ராமாயணம் கேட்டிருக்கிறோம், எதிலாவது சீதை இல்லாமல் ராமன் காட்டுக்குப் போனானா? பாத்திரத்துக்கே தன் கதை தெரிந்திருக்கிறது, ஆனாலும் அந்தக் காட்சி சுவைக்கிறது.

முடிச்சுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கவச குண்டலம், ஆறு, தேரோட்டி வீடு, பரசுராமர் சாபம், துரியோதனன் தந்த அங்க நாடு, குந்திக்குத் தந்த வாக்கு, புதைந்த சக்கரம். ஏழு. இவற்றில் எதையும் நீக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். நீக்கினால் வாசகர் உங்கள் ஆளைக் கர்ணனாக ஏற்கமாட்டார். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் முழுக்க உங்களுடையது. பரசுராமரிடம் பொய் சொல்லிவிட்டுப் படித்த நாள்களில் அவன் எப்படித் தூங்கினான் என்று மூலம் சொல்லவில்லை. நாவலுக்கான நிலம் அங்கே இருக்கிறது. பிறப்பிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். ஆற்றைப் பற்றி அவனுக்கே பாதி நாவல் வரை தெரியாது.